கைநாட்டு வைக்க மறுத்த தங்கவயல்

கோலார் தங்கவயலின் வரலாற்றை எழுதப் புகுகிறவருக்கு ஆவணப் பஞ்சம் கிடையாது. மைசூர் அரசின் கோப்புகள் பெங்களூரில் கர்நாடக அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வெள்ளை அதிகாரிகளின் கடிதங்கள் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கால்வைத்த பிறகு பங்குதாரர்களுக்காக அச்சான அறிக்கைகளைப் புரட்டினால் எத்தனை டன் பாறை அரைபட்டது, எத்தனை அவுன்ஸ் தங்கம் தேறியது என்று கணக்கு சுத்தமாக இருக்கும்.

ஆட்கள் கணக்குதான் இடிக்கிறது. 1901 கணக்கெடுப்பில் 38 ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர் அது. சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கமிருந்து போன தமிழர்களும் தெலுங்கர்களும். அவர்களிலும் தலித்துகளே அதிகம். தங்கத்தைக் காப்பதற்காக எழுதப்பட்ட தாள்களில் இவர்கள் தலைகாட்டுவது மூன்று சந்தர்ப்பங்களில்: விபத்தில் செத்தால், கனிமம் திருடியதாகப் பிடிபட்டால், வேலைக்கு இறங்க மறுத்தால். 1897-இன் மைசூர் சுரங்கச் சட்டம் இரண்டாவதற்கென்றே தனி வழி செய்து கொடுத்தது.

இதில் ஒரு விநோதம், ஆகப் பழைய ஆவணம் இப்படி இல்லை என்பது. 1802-இல் மைசூரின் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், தங்கம் கிடைக்கும் இடத்தைக் காட்டினால் வெகுமதி என்று அறிவித்தார். ஊரிகாம் ஆட்கள் மாட்டு வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். மாரிக்குப்பத்தில் ஆண்கள் குழிக்குள் இறங்கிக் கல்லைக் கூடையில் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பியதையும், பெண்கள் அதை வாங்கி இடித்துத் தூளாக்கியதையும் அவர் எழுதியிருக்கிறார். பல பத்தாண்டுகள் கழித்து, 1871-இல், இந்தக் குறிப்பைப் படித்துவிட்டுத்தான் மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் கோலாருக்கு வண்டி கட்டினார். பிற்பாடு வந்த பல நூல்கள் வாரனிலிருந்து லவெலுக்கும், லவெலிலிருந்து டெய்லர் கம்பெனிக்கும் தாவிவிடுகின்றன. கல் இடித்த பெண்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

இந்தப் போக்கை உடைத்த ஆய்வு என்று நான் முதலில் சொல்வது ஜானகி நாயரின் உழைப்பை. 1930 வேலைநிறுத்தத்தைப் பற்றி அவர் எழுதியதும், 1998-இல் வெளிவந்த ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ நூலும் அரசுக் கோப்புகளையே எதிர்த்திசையில் படிக்கின்றன. 1930-இல் கம்பெனிகள் தொழிலாளர் ஒவ்வொருவரையும் கைரேகையோடு பதிவு செய்யக் கிளம்பின. முறையான சங்கம் வேர்பிடிக்காத காலம். ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் மூன்று வாரம் போலக் குழிக்குள் இறங்கவில்லை. கைரேகை கேட்பது யாரிடம்? போலீஸ் கேடியிடம்தானே! ஆய்வாளர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. அந்தப் பதிவேடு ஒழுங்காகத் தொகுக்கப்பட்டு நம் கைக்கு வந்திருந்தால் ஒவ்வொருவரையும் அடையாளம் காண ஒரு பிடி கிடைத்திருக்கும். அதைத்தான் அவர்கள் வேண்டாம் என்றார்கள். ஆவணத்தில் உள்ள இந்த ஓட்டையை இழப்பு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமில்லை. அவர்கள் எடுத்த முடிவு அது.

தங்களைப் பற்றி அவர்களே எழுதியது வேறு இடத்தில் கிடைக்கிறது. பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கிய இதழுக்கும் அவருடைய பௌத்த சங்கத்துக்கும் தங்கவயல் பெரிய பலம். 1926-இல் ‘தமிழன்’ மறுபடி வந்தது சென்னையிலிருந்து அல்ல, தங்கவயலிலிருந்து, ஆசிரியர் ஜி. அப்பாதுரையார். தங்கவயலின் சாம்பியன் ரீஃப் பகுதியில் இருந்த சித்தார்த்த புத்தகசாலை அயோத்திதாசரின் நூல்களை வெளியிட்டது. ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999-இல் பாளையங்கோட்டையிலிருந்து வந்த பிறகு இந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தது. ஆனாலும் தொழிலாளர் வரலாறு எழுதுகிறவர்கள் இவற்றை ‘சமயம்’ என்று ஒதுக்குகிறார்கள். பௌத்தம் எழுதுகிறவர்கள் சுரங்கத்தை வெறும் முகவரியாகக் கடந்து போகிறார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்து காசு போட்டுப் பத்திரிகை நடத்திய ஒரே ஆளை இரண்டு துறையும் பங்கு போட்டுக்கொண்டதால் வந்த வினை இது.

அதிகம் பேர் தொடாத இன்னொரு தொகுப்பு நிலநடுக்கப் பதிவு. பாறை வெடிப்பை அறிய 1912-லேயே இங்கே வீஷர்ட் அதிர்வுமானி வைத்தார்கள். பொறியாளர்கள் அந்த வரைகோடுகளைப் பாறையின் அழுத்தத்துக்காகப் படித்தார்கள். சுரங்க ஆய்வாளரின் விபத்துப் பட்டியலோடு தேதி தேதியாக வைத்துப் பார்த்தால் அது சமூக வரலாற்றுக்கும் உதவும்.

கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக் கேப்டன்களின் வம்சத்தார் ரெட்ரூத் ஊரில் 2019-இல் திறந்த கெரெசன் கெர்னோ காப்பகத்தில் குடும்பத் தடம் தேடலாம். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளும் அவர்களுக்குத் துணை. மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் சுரங்கத் தொழிலாளியின் பேரனுக்கு அப்படியொரு அறை இல்லை. சுரங்கம் மூடியது 2001 பிப்ரவரி 28-இல். அன்றுவரை கேஜில் இறங்கியவர்கள் பலர் இன்னும் லைன் வீடுகளில் இருக்கிறார்கள். எந்த ஷாஃப்ட், எந்த லெவல், கூட இருந்தவன் எந்த ஊர்க்காரன் என்று அவர்களால் சொல்ல முடியும். விபத்துப் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகக் கேட்டு எழுதுவதுதான் இப்போது அவசரமான வேலை.