அரும்பொருளகத்தில் திரையும் கூத்தும்

பரிபாடலின் பத்தொன்பதாம் பாடல் திருப்பரங்குன்றத்து ஓவியங்களைக் காண வந்தோரைக் காட்டுகிறது. குன்றேறி வந்தவர்கள் ஓவியத்தைச் சுட்டி, இவர் யாவர் என வினவுகின்றனர். அறிந்தவர் விடை கூறுகின்றனர். இரதியும் காமனும் அங்கே இருக்கின்றனர். பூனை வடிவெடுத்த இந்திரனும், அகலிகையும், சினங்கொண்ட கௌதமனும் இருக்கின்றனர். ஓவியத்தை மட்டும் புனைந்துரைத்துப் புலவர் நின்றிருக்கலாம். அதன்முன் எழுந்த வினாவிடையையும் சேர்த்தே அவர் பாடியுள்ளார். அரும்பொருளகங்களில் நடைபெறும் திரைப்படக் காட்சிகளையும் மேடை நிகழ்ச்சிகளையும் காணும்போதெல்லாம் எனக்கு இப்பாடலே நினைவுக்கு வருகிறது.

அரும்பொருளகத்தில் கூத்துக்கு என்ன வேலை என்று கேட்போர் இன்றும் உளர். சென்னை எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே நாடக அரங்கொன்று எழுந்துவிட்டது என்பதை அவர்கள் அறிதல் நன்று. சிங்கப்பூரிலும் இது புதிதன்று. 1996இல் பழைய செயின்ட் ஜோசப் பள்ளிக் கட்டடத்தில் திறக்கப்பெற்ற சிங்கப்பூர்க் கலை அரும்பொருளகம் தென்கிழக்காசியத் திரைப்பட விழாவை நடத்தியது. 2006இல் புதுப்பொலிவு பெற்ற தேசிய அரும்பொருளகம் தன் அரங்கில் உலகப் படங்களைத் தொடராகத் திரையிட்டது. 2015இல் கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையமும், பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் இணைந்த தேசியக் கலைக்கூடமும் தோன்றின. வணிகத் திரையரங்கில் ஒரு படத்தின் ஆயுளை நுழைவுச்சீட்டு முடிவு செய்கிறது. அரும்பொருளகத்திற்கு அந்நெருக்கடி குறைவு. கூட்டம் சேராத நல்ல படத்திற்கு அது புகலிடமாகிறது. இதனை நாம் நன்றியோடு ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

குறை வேறோரிடத்தில் உளது. நான் கண்ட சில நிகழ்ச்சிகளில் (இடங்களின் பெயர் இங்கு வேண்டா) தமிழ் ஒலியாகவும் நிறமாகவும் வரவேற்கப்படுகிறது. வாயிலில் மேளம் முழங்கும். பட்டுடுத்திய பெண்கள் ஆடுவர். ஆடல் முடிந்து கலையைப் பற்றிய பேச்சுத் தொடங்கியதும் தமிழ் விடைபெற்றுவிடும்.

எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்' என்னும் படத்தை இங்கு எடுத்துக்கொள்வோம். பெரும்பகுதியும் தமிழிலேயே பேசும் இச்சிங்கப்பூர்ப் படம் 2008இல் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டியில் இடம்பெற்றது. நாயகனாகத் தோன்றும் பாஸ்கோ பிரான்சிஸ் வாழ்க்கையிலும் வித்தைக்காரர். குடியில் மூழ்கிய தந்தை ஒருவன், தாயில்லாமல் வளரும் மகனுக்காகத் தன் பழைய வித்தைகளுக்குத் திரும்புகிறான். கண்ணாடியைத் தின்கிறான், உடலைத் துளைத்துக்கொள்கிறான். பின்னர் வலி தாங்கும் அவ்வாற்றலே காசுக்கு விலைபோகிறது. படத்தில் குறைகள் இல்லாமல் இல்லை. உரையாடல் சில இடங்களில் ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் ஒப்பித்தது போல் ஒலிக்கிறது. எனினும் அதன் உள்ளீடு வலிமையானது. மகன் பார்க்கும்போது அன்பாக இருக்கும் வித்தை, பணம் கொடுத்தவன் பார்க்கும்போது கொடுமையாகிவிடுகிறது. வித்தைக்காரன் மாறவில்லை, எதிரில் அமர்ந்தவன் மாறினான். அரும்பொருளகத்தில் அரங்கேறும் எந்தக் கலைக்கும் இஃது பொருந்தும் என்பது என் கருத்து. காண்போர் யார், எம்மொழியில் அதனை உள்வாங்குகின்றனர் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைகிறது. கே. ராஜகோபாலின் 'எ யெல்லோ பர்ட்' (2016) படத்தையும் இந்நோக்கில் ஆராயலாம், இங்கு இடமில்லை.

காண்போரையே கலைக்குள் இழுத்துக்கொண்ட முயற்சியும் இந்நாட்டில் நடந்துள்ளது. சுவா மியா டீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' என்னும் ஓவியம் தேசியக் கலைக்கூடத்தில் உள்ளது. தன்னாட்சி பெற்ற அவ்வாண்டில் பல இனத்தார் வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து மலாய் பயில்கின்றனர். உன் பெயர் என்ன, எங்கே வசிக்கிறாய் என்னும் இரு வினாக்கள் கரும்பலகையில் உள்ளன. 'ஸ்பெல் செவன்' நாடகக் குழுவினர் 2006இல் இவ்வோவியத்திலிருந்து ஒரு நாடகத்தை உருவாக்கினர். ஓவியத்தில் உறைந்து நின்ற வகுப்பு மேடையில் மீண்டும் நடந்தது. கரும்பலகையின் எளிய வினாக்கள் உயிருள்ள மனிதரை நோக்கித் திரும்பின. பரிபாடல் காட்டும் வினாவிடைக்கு இதனினும் நெருங்கிய உறவுடைய ஒன்றை நான் இங்குக் கண்டதில்லை.

நம் மாணவரை இந்நிகழ்ச்சிகளுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், வினாவைத் தமிழிலேயே கேட்க அவர்களைப் பழக்குதல் வேண்டும். விடை கூற வல்லார் ஒருவரையேனும் மேடையில் அமர்த்துமாறு அமைப்பாளரைக் கேட்கவும் வேண்டும். ஒருமுறை 'மை மேஜிக்' திரையிடப்பட்டபின் நிகழ்ந்த கலந்துரையாடலில் மாணவன் ஒருவன் எழுந்து, "வலித்தது அந்த அப்பாவுக்கா, நடித்தவருக்கா?" என்று தமிழில் கேட்டான். அரங்கில் சிலர் திரும்பிப் பார்த்தனர். நெறியாளர் இன்முகத்தோடு, ஆங்கிலத்தில் கேட்குமாறு வேண்டினார். சிறுவன் சற்றுத் தயங்கினான். "அது உண்மையா?" என்பது மட்டுமே ஆங்கிலத்தில் வந்தது. ஆம் என்று விடை கிடைத்தது. அவன் அமர்ந்துவிட்டான்.