சிவப்பில் தொடங்கி மஞ்சளில் முடியும் கேடயம்

ஜாத்தா நெகாராவைப் பார்க்கிற எவருடைய கண்ணும் முதலில் புலிகளிடம்தான் போகும். மலேசியாவின் தேசியச் சின்னத்தை நிதானமாக ரசிக்க விரும்புகிறவர்கள் புலிகளைச் சற்று நேரம் விட்டுவிட்டு, கேடயத்தின் நட்டநடுவில் நிற்கும் நான்கு வண்ணப் பட்டைகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். இடமிருந்து வலமாகச் சிவப்பு, கறுப்பு, வெள்ளை, மஞ்சள். அங்கே படமில்லை, எழுத்தில்லை, வெறும் நிறம். என் கண்ணுக்கு இந்தச் சின்னத்தின் மிக அழகான பகுதி அதுதான்.

சிலாங்கூர், பேராக், பகாங், நெகிரி செம்பிலான் என்ற நான்கு மாநிலங்கள் 1895-இல் ஓர் ஒப்பந்தத்தின் கீழ் வந்து, மறு ஆண்டு கூட்டு மலாய் மாநிலங்களாக இயங்கத் தொடங்கின. அந்த நால்வரின் அடையாளம்தான் இந்த நான்கு பட்டைகள். ஆளுக்கொரு பட்டை என்று பங்கு பிரித்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படிப் பிரிக்கவில்லை, அதில்தான் இதைச் செய்தவர்களின் கைத்திறன் இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் சிலாங்கூர்க் கொடி. கறுப்பும் வெள்ளையும் பகாங். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் மூன்றும் பேராக். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் என்றால் நெகிரி செம்பிலான். நான்கே நிறங்களில் நான்கு கொடிகள் ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. எந்த ஒரு பட்டையை உருவினாலும் குறைந்தது இரண்டு மாநிலங்கள் குலைந்துபோகும். கூட்டாட்சி என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன வேறொரு சின்னத்தை நான் பார்த்ததில்லை.

கோலசிலாங்கூர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு மகிழ்ச்சியும் உண்டு. பட்டைகளின் வரிசை சிவப்பில் தொடங்கி மஞ்சளில் முடிகிறது. இரண்டு ஓரங்களிலும் சிலாங்கூரின் நிறங்கள்; நடுவில் பகாங்கின் கறுப்பும் வெள்ளையும். சிவப்பு இரத்தம், மஞ்சள் சதை, இரண்டும் சேர்ந்தால் உயிர் என்று சிலாங்கூர்க் கொடிக்குப் பொருள் சொல்வார்கள். சிலாங்கூரின் முதல் மூன்று சுல்தான்கள் அடங்கியிருப்பது நம் கோலசிலாங்கூரின் புக்கிட் மலாவாத்தி குன்றின் மேல்தான். 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்ட இந்தக் குன்றின் கோட்டையைச் சுல்தான் இப்ராஹிம் மறு ஆண்டே மீட்டார். நதி கடலில் சேரும் இடத்தைக் காவல் காத்த இந்தச் சின்னக் குன்றின் அரசமரபு, நாட்டின் கேடயத்துக்குள் இரண்டு நிறங்களாக நிற்கிறது. குன்றிலிருந்து இறங்கி புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று தோட்டப் பக்கம் போனால் அதே இரண்டு நிறங்களை வேறொரு கோலத்தில் காணலாம். தோட்டத்து மாரியம்மனுக்குச் சார்த்தும் மஞ்சளும் குங்குமமும் அவைதாம். இது தற்செயல்தான். ஆனாலும் திருவிழா நாளில் சிலாங்கூர்க் கொடியும் அம்மன் பந்தலும் அருகருகே நிற்கும்போது கண் இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது.

இனிப் புலிகள். கூட்டு மலாய் மாநிலங்களின் கொடியில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று கிடையான நான்கு பட்டைகள், நடுவில் ஓடும் புலி. அதற்கும் முன்பே, 1891-இல், சிலாங்கூரின் அஞ்சல்தலையில் பாயும் புலி வந்துவிட்டது. 1900 முதல் நான்கு மாநிலங்களுக்கும் பொதுவான அஞ்சல்தலையிலும் அதே பாய்ச்சல் தொடர்ந்தது. காடு வெட்டி ரப்பர் போட்ட அந்தத் தலைமுறையின் கடிதங்கள் தோட்டத்துக் கிராணியின் மேசையிலிருந்து கிளம்பி, கடல் தாண்டி, சேலத்துக்கும் திருச்சிக்கும் இந்தப் புலியை ஒட்டிக்கொண்டுதான் போயிருக்கும். பெரட்டு எனும் காலை ஆள்கணக்கெடுப்புக்கு இருட்டில் போகிறவர்களுக்குப் புலி உண்மையான அச்சம். ஊரில் கடிதம் வாங்கிய தாய்க்கோ மகன் உயிரோடு இருக்கிறான் என்பதற்கு அதுவே சாட்சி.

தமிழர் கண்ணுக்குப் புலிச்சின்னம் புதிதல்ல. சோழர் செப்பேடுகளின் வளையத்தில் உள்ள முத்திரையைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். திருவாலங்காட்டுச் செப்பேட்டின் முத்திரையில் புலி அமர்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் பாண்டியரின் இரண்டு கயல்கள், சேரரின் வில், மேலே வெண்கொற்றக்குடை, கவரிகள். வென்றவனும் தோற்றவர்களும் ஒரே வட்டத்துக்குள் இருக்கிறார்கள். நடுவே வென்றவனின் இருக்கை. 1025-இல் கடாரத்தின்மேல் படையெடுத்த ராஜேந்திரனின் முத்திரை அது. அந்தப் புலியிலிருந்து மலாயாப் புலி பிறந்தது என்று நான் கதை கட்டமாட்டேன், அதற்கு ஆதாரமில்லை. இரண்டையும் அருகில் வைத்துப் பார்த்தால் அமைப்பில் உள்ள வேற்றுமை மட்டும் பளிச்சென்று தெரியும். ஜாத்தா நெகாராவில் புலிகள் கேடயத்துக்கு வெளியே நிற்கின்றன. பின்னங்கால்களை வாசகப் பட்டியில் ஊன்றி, முன்னங்கால்களால் கேடயத்தைத் தாங்கி, கருவறை வாசலின் துவாரபாலகர்களைப் போல இருபுறமும் நிற்கின்றன. உள்ளே ஒரு மாநிலத்துக்கும் சிம்மாசனம் இல்லை. அன்று தோற்ற கடாரம், இன்றைய கெடாவாக, கேடயத்தின் தலைப்பகுதியில் கிரிஸ் எனும் ஐந்து மலாய்க் குறுவாள்களில் ஒன்றாக மற்றவர்களோடு சமமாக நிற்கிறது. கலையாகப் பார்த்தால் சோழ முத்திரையின் கட்டுக்கோப்பு மேலானது. அரசியல் கற்பனையாகப் பார்த்தால் என் வாக்கு ஜாத்தா நெகாராவுக்கே.

அந்த ஐந்து கிரிஸ்கள் ஜொகூர், கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய மாநிலங்களுடையவை. பழைய கூட்டுக்கு வெளியே இருந்தவர்கள் அவர்கள். 1948-இல் மலாயாக் கூட்டரசு அமைந்து, 1952-இல் அதற்கெனச் சின்னம் வழங்கப்பட்டபோது இவர்கள் உள்ளே வந்தார்கள். சிவந்த தளத்தின்மேல் வரிசையாக நிற்கும் கிரிஸ்கள் தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரியும். பினாங்குக்கும் மலாக்காவுக்கும் பட்டைகளின் இருபுறமும் இடம். அங்கே இன்று நிற்பவை இரண்டு மரங்கள்.

அந்த மரங்களைப் பற்றித் தமிழர்கள் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பினாங்கின் மரம் கமுகு. தாம்பூலத் தட்டில் பாக்கு வைக்காமல் நம் வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம் நடக்காது. மலாய்க்காரர்கள் பெண் கேட்டு வரும்போதும் வெற்றிலைத் தட்டம்தான் முன்னே வரும். மலாக்காவின் மரம் நம்முடைய நெல்லி. பரமேஸ்வரா ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது ஒரு சருகுமான் வேட்டை நாயை உதைத்துத் தள்ளியதாம். சிறிய உயிருக்கு இத்தனை வீரம் தரும் மண் இது என்று அங்கேயே நகர் அமைத்தாராம். மலாக்காவின் பிறப்பைப் பற்றிய மரபுக்கதை இது. அந்த மரம் நெல்லி. நெல்லி என்றதும் நமக்கு நினைவு வருவது ஔவைக்கு அதியமான் கொடுத்த கனி. ஒரு மரபில் வீரத்துக்கு நிழல் தந்த மரம், இன்னொரு மரபில் கொடைக்குக் கனி தந்திருக்கிறது.

தோட்டத்து மரங்கள் கேடயத்தில் இல்லையே என்று சிலர் குறைபடுவதுண்டு. பால்மரம் இந்த நாட்டுக்கு உழைத்த உழைப்பு பெரிது. செம்பனையின் வணிகப் பயிரே 1917-இல் நம் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கொனியே என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியில் தொடங்கியது. எனக்கு அந்தக் குறை இல்லை. விலை ஏறி இறங்கும் பயிர்களை விட்டுவிட்டு, சடங்கிலும் கதையிலும் வேரோடிய மரங்களைத் தேர்ந்தெடுத்தது நல்ல ரசனை. பினாங்குப் பகுதியில் கமுகோடு சேர்ந்திருக்கும் பாலம்தான் எனக்கு ஒட்டவில்லை. 1985-இல் திறந்த பாலம் பெருமைக்குரியதே. ஆனால் சின்னம் சிறிதாக அச்சாகும்போது அது வெறும் கோடாகிவிடுகிறது. மரம் மட்டும் மரமாகவே நிற்கிறது.

கேடயத்தின் அடிப்பகுதி 1963-இல் பிறந்தது. சபா, சரவாக், சிங்கப்பூர் மூன்றும் சேர்ந்து மலேசியா உருவானபோது மூவருக்கும் கீழே இடம் ஒதுக்கினார்கள். உச்சியில் பிறையோடு இருக்கும் நட்சத்திரமும் பதினான்கு முனை பெற்றது. 1965 ஆகஸ்ட்டில் சிங்கப்பூர் பிரிந்தது. அதன் இடம் நடுவில் காலியானது. கேடயத்தை மறுபடி பிரித்து வரைந்திருக்கலாம். அதற்குப் பதிலாக அங்கே ஒரு செம்பருத்தியை வைத்தார்கள். 1960-இல் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட பூங்ஙா ராயா அது. ஒரு மாநிலம் விட்டுப்போன இடத்தில் எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லாத பூ. வருத்தம் நிறைந்த ஓர் அரசியல் முடிவுக்கு இவ்வளவு கண்ணியமான பதிலை ஓவியத்தில் காண்பது அரிது. லயத்து வீடுகளின் வேலியோரம் பூத்து, காலையில் பறித்துக் காளியம்மனுக்கு மாலையாகப் போகும் பூவும் இதுதான். பக்கத்தில் சபாவின் கொடியேந்திய கைகளும் சரவாக்கின் இருவாட்சிப் பறவையும் நெருக்கமாக இருக்கின்றன; அழகில் அவை பூவுக்குப் பின்னால்தான்.

வாசகப் பட்டியில் 1952-இல் ஆங்கிலமும் ஜாவியும் இருந்தன. பிறகு ஆங்கிலத்தின் இடத்தில் ரூமி எனும் ரோமன் எழுத்தில் மலாய் வந்தது: பெர்செக்குத்து பெர்தம்பா மூத்து. கூடி நின்றால் சிறப்புக் கூடும் என்பது அதன் கருத்து. அந்தப் பட்டியில் கால் ஊன்றி நிற்கும் புலிகளில் இன்று காட்டில் எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு.

இந்தச் சின்னம் பாஸ்போர்ட் அட்டையில் பொன்னிறக் கோடுகளாக மட்டும் வரும்போது நிறங்கள் மறைந்துவிடும். ஆகவே தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளுக்கு ஜாத்தா நெகாராவை வண்ணத்தில் காட்டுங்கள், அவர்கள் கையாலேயே வரைய வையுங்கள். பள்ளி வளாகத்தில் ஒரு கமுகு, ஒரு நெல்லி, ஒரு செம்பருத்திச் செடி நடுங்கள். மூன்றும் நம் மண்ணில் எளிதாக வளரும்.