ஹேயில்ஸ் பிரபுவும் வரலாற்றுச் சான்றும்

ஸ்கொத்லாந்தின் பழைய வரலாற்றைக் கட்டுக்கதையினின்றும் பிரித்தெடுத்து ஆவணங்களின்மீது நிறுவியவர்களுள் முன்வைத்து எண்ணத்தக்கவர் ஹேயில்ஸ் பிரபு எனப்படும் சேர் டேவிட் டல்ரிம்பிள் ஆவார். அவர் பெயரை இன்று அறிவார் சிலரே. ஹியூம், றொபேட்சன், கிபன் என்னும் மூவரும் வரலாற்று நூல்களாற் பெரும்புகழ் ஈட்டிய காலத்திலேயே அவரும் எழுதினார். அவர்தம் உரைநடை அவருக்கு வாய்க்கவில்லை. எனினும் ஒரு வினாவை அவர் நூல்கள் ஏனையோர் நூல்களினும் கூர்மையாக எழுப்புகின்றன. தீர்ப்பளிப்பவன் சான்றை நோக்கும் முறையும் வரலாறெழுதுபவன் சான்றை நோக்கும் முறையும் ஒன்றாமோ என்பதே அவ்வினா.

1726ஆம் ஆண்டில் எடின்பரோ நகரிற் பிறந்த டல்ரிம்பிள், சட்டத்தையே குலத்தொழிலாகக் கொண்ட குடியினர். ஸ்கொத்லாந்துச் சட்டத்தை முறைப்படுத்தி 1681இல் நூல் வெளியிட்ட ஸ்ரெயர் பிரபு அவருக்குப் பூட்டனார். இளவல் அலெக்சாந்தர் டல்ரிம்பிள் 1753இல் கிழக்கிந்தியக் கம்பனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து, 1795இல் பிரித்தானியக் கடற்படையின் முதலாவது கடற்பட அதிகாரியானவர். மூத்தவரோ இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியிலும் ஒல்லாந்தில் யூத்திரெக்ற் நகரிலும் கற்று, 1748இல் நியாயதுரந்தரரானார். நாநலம் குறைந்தவராதலின் வழக்குரைப்பதிற் பெருஞ்சிறப்பு எய்தவில்லை. எழுத்துமூல வாதங்களே அவருக்குப் பெயர் தந்தன. 1766இல் ஸ்கொத்லாந்தின் உயர் குடியியல் மன்றத்தில் நீதியரசராகி, அம்மன்ற வழக்கப்படி ஹேயில்ஸ் பிரபு என்னும் பட்டப்பெயர் பூண்டார். 1776இல் குற்றவியல் உயர் மன்றத்திலும் அமர்ந்து, 1792இல் இறக்கும்வரை நீதி செலுத்தினார்.

நுணுக்கம் என்பது அவரிடத்து இயல்பாகவே ஊறிக்கிடந்தது. அக்கால வழக்குரைஞரிடையே வழங்கிய நகைப்பாட்டு ஒன்று, ஆவணத்தில் ‘நீதி’ என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் ஈற்றெழுத்து விடுபட்டமையால் வழக்கைத் தீர்க்கவியலாதெனக் கூறுபவராக அவரைக் காட்டுகிறது. நகைப்பு மிகையே. ஆயினும் அம்மிகையில் மனிதரின் உருவம் தெரிகிறது.

அந்நுணுக்கம் வரலாற்றுத் துறையில் எத்துணைப் பயன்தந்தது என்பதை அவர்தம் ‘ஸ்கொத்லாந்து ஆண்டு வரலாறு’ காட்டும். முதற்றொகுதி 1776இலும் இரண்டாந்தொகுதி 1779இலும் வெளிவந்தன. 1527இல் எக்ரர் போயிஸ் வெளியிட்ட இலத்தீன் வரலாறு, கிறித்துவுக்கு முன்னரே தொடங்கும் நெடியதோர் அரசர் பரம்பரையைக் கூறிற்று. ஸ்கொத்லாந்து மக்கள் அதனைத் தம் தொன்மைக்குச் சான்றாகப் போற்றினர். 1707இல் இங்கிலாந்துடன் ஒன்றிணைந்து தனிப் பாராளுமன்றத்தை இழந்தபின் அப்பெருமை அவர்க்குப் பின்னும் இனிதாயிற்று. அப்பரம்பரையின் வேரில் முதலிற் கோடரி வைத்தவர் 1729இல் எழுதிய தோமஸ் இன்னிஸ் என்னும் பாதிரியாரே. அப்பெருமையை ஹேயில்ஸுக்கு ஏற்றிக் கூறுதல் முறையன்று. ஹேயில்ஸ் செய்தது வேறு. 11ஆம் நூற்றாண்டில் மூன்றாம் மல்கம் அரசேறியது முதலாகத் தம் நூலைத் தொடங்கினார். அதற்கு முற்பட்டதைப் பழித்துரைக்காமலும் புகழ்ந்துரைக்காமலும் வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டார். நாட்டுப்பற்றுடைய ஒருவர், தம் நாட்டார் விரும்பிக் கேட்கும் கதையைச் சொல்ல மறுத்தமை எளிய செயலன்று.

நூலின் உயிர் பின்னிணைப்புகளில் உள்ளது. ஈவனஸ் என்னும் பழைய அரசன், குடிமக்களின் மணமகளிர்மீது நிலக்கிழார்க்கு முதல் உரிமை அளித்துச் சட்டம் செய்தான் என்பது போயிஸ் கூறிய கதை. பலரும் நம்பிய அக்கதையை ஹேயில்ஸ் பட்டயங்களையும் சட்டநூல்களையும் கொண்டு ஆராய்ந்தார். ‘மெர்செற்றா’ எனப் பழைய ஏடுகளில் வருவது, அடிமைக் குடியினர் தம் மகளை மணஞ்செய்து கொடுக்கும்போது நிலக்கிழாருக்கு இறுத்த பணமேயன்றி வேறன்று என நிறுவினார். ஒரு சொல்லின் பொருளைத் துலக்கியதனால் ஒரு நாட்டின்மேல் நின்ற பழி நீங்கிற்று. 1769இல், ‘றீஜியம் மாஜெஸ்ராற்றெம்’ என்னும் பழஞ் சட்டநூலை ஆராய்ந்தபோதும் அவர் இம்முறையையே கையாண்டார். அந்நூல் முதலாம் டேவிட் மன்னன் காலத்ததெனப் பெருமை பேசப்பட்டது. மன்னன் இறந்தது 1153இல். அந்நூல் பின்பற்றிய கிளான்வில் பெயரிலான ஆங்கிலச் சட்டநூலோ 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. பின்வந்த அறிஞர் அதனை 14ஆம் நூற்றாண்டினதாகக் கொள்வர். முன்னையதிற் பழியும் பின்னையதிற் பெருமையும் ஒரே துலாக்கோலில் நிறுக்கப்பட்டன என்பது நோக்கத்தக்கது.

பொஸ்வெல் வாயிலாக அச்சுக்கு முன்னரே இந்நூலைப் படித்த யோன்சன், காலக் கணிப்பின் உறுதியையும் மேற்கோளின் ஒழுங்கையும் வியந்து பாராட்டினார். பாராட்டுப் பொருந்துவதே, குறையும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஆண்டு செல்கிறது, நிகழ்ச்சி செல்கிறது; அரசர் பிறக்கின்றனர், போரிடுகின்றனர், இறக்கின்றனர். உழுதவர் எவ்வாறு வாழ்ந்தனர், நகரங்கள் எவ்வாறு வளர்ந்தன என்பனவற்றைக் கற்பவர் தாமே உய்த்துணரல் வேண்டும். சான்று போதாவிடின் வழக்கைத் தள்ளிவிடுதல் நீதிபதிக்குப் போதும். வரலாற்றாசிரியருக்கு அது போதாது. பிரமாணம் முடியுமிடத்தில் அநுமானத்தைக் கைவிளக்காகக் கொண்டு சிறிது தூரமேனும் நடத்தல் அவர் கடன். ஹேயில்ஸ் அவ்விடத்தில் நின்றுவிடுகிறார். 1371இல் ஸ்ரூவாட் மரபினர் அரசுரிமை எய்துமிடத்தில் நூலும் நின்றுவிடுகிறது.

கவிதையின்பால் அவர் இத்துணைக் கடுமை காட்டவில்லை என்பது வியப்பு. மக்பேர்சன் பழம்பாடல்களின் மொழிபெயர்ப்பெனத் தந்த பகுதிகளை 1760இல் ஹொறஸ் வால்போலுக்கு அனுப்பி, இங்கிலாந்து அறிஞரிடையே அவற்றைப் பரப்பியவருள் அவரும் ஒருவர். அப்பாடல்களிற் பெரும்பாலானவை மக்பேர்சனின் கைவண்ணமே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அரசர் பட்டியலிடம் கேட்ட மூலச்சான்றைப் பாட்டிடமும் முதலிலேயே அவர் கேட்டிருக்கலாம்.

1786இல் கிபனை எதிர்த்தெழுதிய நூலில் அவர்தம் முறையின் எல்லை நன்கு புலனாகும். கிறித்தவம் பரவியதற்குக் கிபன் கூறிய ஐந்து காரணங்களையும் வரிவரியாக ஆராய்ந்து, மேற்கோட் பிழைகளைச் சுட்டினார். கிபன் தம் வாழ்க்கைக் குறிப்பிலே, குறைகாணவே முனைந்த ஹேயில்ஸ் சிலவிடங்களிற் கண்டுமிருக்கலாம் என ஒப்பி, அம்முறையை வழக்குரைஞரின் வறண்ட நுணுக்கம் என்றார்; ஆண்டு வரலாற்றின் ஆசிரியரென்ற வகையில் அவரை மதிக்கவும் தவறவில்லை. இம்மதிப்பீடு நேர்மையானது. அடிக்குறிப்பில் வென்றவர் அதனாலேயே நூலை வென்றவராகார். எனினும், எதிரியின் அடிக்குறிப்பைத் திறந்து மூலத்தோடு ஒப்பிடும் பொறுமை அந்நூற்றாண்டில் எத்தனை பேருக்கு இருந்தது?

அவர் இறந்தபோது மரணசாதனம் கிடைக்கவில்லை என்றும், சொத்து ஆண்வழி உறவினரைச் சேரும் நிலையில், பூட்டுவதற்காக நகர வீட்டின் யன்னற் கதவுகளைச் சாத்தியபோது அது பின்னிருந்து விழுந்தது என்றும் எடின்பரோவிற் கதை வழங்கிற்று. இக்கதைக்கு ஹேயில்ஸ் எத்தகைய சான்று கேட்டிருப்பாரோ! மகள் கிறிஸ்ரியன் நியூஹேயில்ஸ் மாளிகையில் நெடுங்காலம் வாழ்ந்தார். அங்கே தந்தையார் பயன்படுத்திய நூல்கள் பின்னர் ஸ்கொத்லாந்துத் தேசிய நூலகத்தைச் சேர்ந்தன.