அலையடியும் வாயுக்கலத்தின் அளவும்

1990ஆம் ஆண்டு இடம்பெயர்ந்த மக்களுக்கு 2017இலேதான் திரும்பக் கிடைத்த மயிலிட்டித் துறையில் நின்று, வாடைக்காற்றுப் பருவத்திலே கடல் கொந்தளிப்பதைப் பார்க்கிறபோது, ஐதரோலிக் வின்ச்சினால் கயிறிழுக்கும் படகொன்று இவ்வலைமீது சடுதியாக எழும்பினால் அதன் குழாய்களுக்குள் என்ன நேரும் என்னும் கேள்வியே என் மனத்தில் முந்தி எழுகின்றது. கயிறு விறைக்க, உருளை தடைப்பட, ஓடிவந்த எண்ணெய் ஒரு க்ஷணத்தில் நின்றுபோகிறது. மொஸ்கோவின் நீர்க்குழாய்களை ஆராய்ந்து ஜுக்கோவ்ஸ்கி 1898இல் வெளியிட்ட சமன்பாட்டின்படி, விநாடிக்கு 4 மீற்றர் வேகத்தில் ஓடும் எண்ணெய் அவ்வாறு நின்றால் அமுக்கம் ஏறத்தாழ 45 பார் உயரும். இவ்வடியை ஏற்பதற்காகவே நைதரசன் நிரப்பிய இரப்பர்ப் பையை உடைய அக்கியூமுலேற்றர் பொருத்தப்படுகிறது.

அதன் அளவைப் போயிலின் விதிகொண்டு கணிக்கும் வழக்கத்திற்கு ஒரு பெருமை உண்டு: பட்டறையில் ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் இருந்தால் எவரும் கணித்துவிடலாம். ஆனால் ஆம்ஸ்ட்ரோங் 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத் துறைமுகங்களின் பாரந்தூக்கிகளுக்காக அக்கியூமுலேற்றரை முதலில் ஆக்கியபோது அதன் தொழில் சக்தியைச் சேமித்தல். ஆறுதலாக நிகழும் சேமிப்புக்கு உரிய கணக்கை, கண்ணிமைப்பதற்குள் முடிந்துபோகும் அதிர்ச்சிக்கும் பிரயோகிப்பதே என் அபிப்பிராயத்தில் மூலப் பிழை. 100 பாரிலிருந்து 150 பாருக்கு வாயு மெதுவாக நெருக்கப்படின் அதன் கனவளவில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய்க்கு இடமாகும். சடுதியாக நெருக்கப்படின், பிறந்த உஷ்ணம் வெளியேற நேரமின்மையால், நான்கில் ஒரு பங்கே கிடைக்கும். போயிலை நம்பி வாங்கிய கலம், வேண்டிய அளவில் காற்பங்கு குறைந்ததாகவே இருக்கும். கடையில் அடுத்த பெரிய அளவையே வாங்குவதனால் இக்குறை பல சமயங்களில் மறைந்துவிடுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் தற்செயலாய்க் கிடைத்த பாதுகாப்பைக் கணிதத்தின் வெற்றியென்று கொள்ளலாகாது.

சேமிப்புக் கலங்களுக்குரிய வழக்கப்படி தாழ்ந்த அமுக்கத்தின் நூற்றுக்கு 90 பங்கு வாயு நிரப்புவதும் இங்கே தீங்காய் முடியலாம். 27 பாகையில் 90 பாருக்கு நிரப்பிய பை, இயந்திர அறையிலே 60 பாகைக்குச் சூடேறியதும் ஏறக்குறைய 100 பாராகி, 100 பாரில் ஓடும் எண்ணெயை உள்ளே வரவிடாது.

இவ்வளவுக்கும் மேலாக, எத்தனை லீற்றர் என்று கேட்போர் எந்த இடம் என்று கேட்பதில்லை. எண்ணெயில் அமுக்க அலை விநாடிக்குச் சுமார் 1,300 மீற்றர் ஓடுவதாதலின், வின்ச்சிலிருந்து 6 மீற்றர் அப்பால், ஒடுங்கிய குழாயொன்றின் நுனியில் நிற்கும் கலம், எவ்வளவு பெரிதாயினும், வின்ச்சருகே உள்ள இரப்பர்க் குழாய் முதலடியை வாங்கிய பின்னரே தன் தொழிலைத் தொடங்கும்.