பந்தும் வாளும்

'லோன் உல்ஃப் அண்ட் கப்' இருபத்தெட்டுத் தொகுதிகளையும் மறுபடி படித்தேன். கஸுவோ கொய்கே எழுதி கோஸெகி கொஜிமா வரைந்த ஜப்பானியச் சித்திரக்கதை, 1970 முதல் 1976 வரை பெரியவர்களுக்கான வாரப் பத்திரிகை ஒன்றில் வந்தது. முதலில் படித்தபோது எனக்கு வயது இருபத்திரண்டு. அப்போது அது ஒகாமி இட்டோவின் கதை. வயிற்றைக் கிழித்துக்கொள்ளும் பிரபுக்களின் தலையைச் சீவும் ஷோகனின் அதிகாரி அவன். யாக்யூ குலத்தின் சூழ்ச்சியில் மனைவியையும் பதவியையும் இழந்து, மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு 500 ர்யோ கூலிக்குக் கொலை செய்கிறான். அவனுடைய நிதானம் என்னை வசீகரித்தது. இன்று அந்த நிதானத்தைச் சகிக்க முடியவில்லை.

தவழும் குழந்தை தைகோரோவின் முன் தகப்பன் ஒரு பந்தையும் ஒரு வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால் தாய் போன இடத்துக்கே அனுப்பிவிடுவான். வாளைத் தொட்டால் தன்னோடு நரகத்தின் பாதையில் வரலாம். குழந்தை வாளைத் தொடுகிறது. அன்று இதை விதி என்று படித்தேன். குழந்தை கை நீட்டியது, அவ்வளவுதான். அதற்குத் தேர்வு என்று பெயர் வைத்தவன் தகப்பன்.

கொய்கே தகப்பன் கட்சி. சாமுராய் தர்மம் பற்றி அவர் எழுதும் வசனங்கள் பல இடங்களில் வெறும் பிரசங்கம். கொஜிமாவின் தூரிகை அப்படியில்லை. தகப்பன் திரும்பாததால் தைகோரோ தனியே தேடிக் கிளம்பும் அத்தியாயத்தைச் சொல்ல வேண்டும். குழந்தையின் கண்ணில் மரணத்தைக் கண்டு கடந்தவனின் பார்வை இருப்பதாக ஒரு சாமுராய் வியக்கிறான். வயலில் தீ சூழும்போது காப்பாற்றாமல் நின்று பார்க்கிறான். குழந்தை சேற்றைத் தோண்டிப் புதைந்து பிழைக்கிறது. கொய்கேயின் வசனத்தில் இது வியப்பு. கொஜிமாவின் கோட்டில் எனக்குத் தெரிந்தது ஒரு பெரியவனின் குரூரம். இந்தப் பிளவு இல்லாவிட்டால் இந்தப் படைப்பு வீர சாகசத்தோடு நின்றிருக்கும்.

முடிவில் இட்டோ சாகிறான். தைகோரோ ஈட்டியோடு ஓடிவருகிறான். கிழட்டு எதிரி ரெட்ஸுடோ கைகளை விரித்து அதை மார்பில் ஏற்று, பேரன் என்று அணைத்துக்கொள்கிறான். அன்று அழுதேன். யாருக்காக என்று இப்போது யோசித்தால், அந்த இரண்டு பெரியவர்களுக்காக. அந்தப் பக்கத்தில் குழந்தையின் முகம் எப்படி இருந்தது என்பதே ஞாபகமில்லை. தொகுதியை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது.