இலங்கை அரசும் கருத்துரிமையும்: எதைக் கொண்டு எடைபோடுவது?

ஓர் அரசு ஊடகச் சுதந்திரத்தை எவ்வளவு மதிக்கிறது என்பதை அதன் அரசியலமைப்பைப் படித்து அறிய முடியாது. இலங்கையின் 1978 அரசியலமைப்பு 14ஆம் உறுப்புரையில் பேச்சுரிமையையும் வெளியீட்டுரிமையையும் தருகிறது. 16ஆம் உறுப்புரையோ, முன்பிருந்த சட்டங்கள் அந்த உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. என் அளவுகோல் இரண்டு கேள்விகள். கையிலிருந்த எந்த அதிகாரத்தை அரசு தானாகக் கைவிட்டது? எழுதியவர்களைக் கொன்றவர்களுக்குத் தண்டனை வாங்கித் தந்ததா?

முதல் கேள்விக்கு மதிக்கத்தக்க விடை ஒன்று உண்டு. 2002இல் குற்றவியல் அவதூறு தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து நீக்கப்பட்டது. இந்தியா இன்றுவரை செய்யாத காரியம் இது. ஜனாதிபதியை அவதூறு செய்ததாக ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க தண்டிக்கப்பட்ட நாட்டில் அது சிறிய மாற்றமன்று. 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் உண்மையான முன்னேற்றமே.

ஆனால் 2002இல் போனது பெரும்பாலும் கொழும்புப் பத்திரிகை ஆசிரியர்களை அலைக்கழித்த சட்டம். தமிழில் எழுதியவர்கள்மீதும் தமிழரைப் பற்றி எழுதியவர்கள்மீதும் பாய்ந்தது பயங்கரவாதத் தடைச் சட்டம். தற்காலிக ஏற்பாடு என்று 1979இல் வந்து, 1982இல் நிரந்தரமானது. 2006இல் எழுதிய கட்டுரைகளுக்காக ஊடகவியலாளர் ஜே.எஸ். திசைநாயகத்துக்கு 2009இல் 20 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. ‘நவரசம்’ என்ற கவிதைத் தொகுப்பை முன்வைத்து 2020இல் கைதான கவிஞர் அஹ்னாப் ஜஸீம் ஒன்றரை ஆண்டுக்கு மேல் அடைபட்டிருந்தார். 2023 இறுதியில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. இழந்த காலத்துக்கு யார் பொறுப்பு?

இரண்டாவது கேள்வியில் அரசு முற்றாகத் தோற்கிறது. ஊடகவியலாளர் மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபரில் ஊரடங்கு வேளையில், யாழ்ப்பாணத்தின் கடும் இராணுவக் காவலுக்குள்ளேயே, தன் வீட்டில் சுடப்பட்டார். 2005இல் ஊடகவியலாளர் தராக்கி சிவராம் கொழும்பில் கடத்தப்பட்டு மறுநாள் பிணமாகக் கிடந்தார். 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்து ‘உதயன்’ நாளிதழ் அலுவலகத்துக்குள் புகுந்தவர்கள் ஊழியர் இருவரைக் கொன்றார்கள். உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கான யுனெஸ்கோ மாநாட்டை அப்போதுதான் கொழும்பு நடத்திக்கொண்டிருந்தது. 2009 ஜனவரியில் லசந்தவும் கொல்லப்பட்டார். இந்தக் கொலைகள் எதற்கும் எவரும் தண்டிக்கப்படவில்லை. அவதூறு வழக்கு ஒழிந்த நாட்டில் துப்பாக்கி ஒழியவில்லை என்றால், எந்தச் சீர்திருத்தத்தைக் கொண்டாடுவது?

2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கு, இணையத்தில் தீங்கு பரவுவதைத் தடுப்பது என்று அரசு சொன்ன காரணத்தைப் புறந்தள்ள மாட்டேன். 2018இல் கண்டிக்கு அருகிலுள்ள திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட வன்முறையில் முகநூல் வெறுப்பைப் பரப்பியது உண்மை. அதைத் தடுக்க ஏற்கெனவே 2007இன் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கைச் (ஐசிசிபிஆர்) சட்டம் இருந்தது. அது கலவரத் தூண்டுதல்காரர்மீது பாய்ந்ததும் உண்டு. 2019இல் ஒரு சிறுகதைக்காகச் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமாரவை நான்கு மாதம் சிறையில் வைத்ததும் அதே சட்டந்தான். இந்த அனுபவத்துக்குப் பிறகும், எது பொய்க்கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுத்தது புதிய சட்டம். உயர் நீதிமன்றம் கேட்ட திருத்தங்கள் முழுமையாகச் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டும் அதன்மேல் உண்டு. நோய் மெய், மருந்து தவறு.

அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்தவர்களே இப்போது ஆட்சியில் இருக்கிறார்கள். 2024 நவம்பரில் 225 ஆசனங்களில் 159ஐ வென்றார்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை ஒழிப்போம் என்று தேர்தலில் வாக்குறுதியும் தந்தார்கள். ஆயினும் 2025 ஓகஸ்டில், யாழ்ப்பாணத்தின் செம்மணி மனிதப் புதைகுழியைப் படமெடுத்த முல்லைத்தீவு ஊடகவியலாளர் ஒருவரைப் பயங்கரவாத எதிர்ப்புப் பொலிஸார் அழைத்து விசாரித்தார்கள். ஒரு சட்டத்தை நீக்கச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். இவர்களிடம் மூன்றில் இரண்டுக்கு மேல் இருக்கிறது. எனவே பலமில்லை என்ற சாக்கு இவர்களுக்கு இல்லை. நிமலராஜன் வழக்கிலிருந்து தொடங்கி இந்தக் கொலைக் கோப்புகளைச் சட்டமா அதிபர் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரும்வரை, ஊடகச் சுதந்திரத்தில் இலங்கை அரசுக்குப் பற்றுறுதி உண்டு என்ற கூற்றை நான் ஏற்க மாட்டேன்.