சோபியா கோவலெவ்ஸ்கயாவின் ‘இளமை நினைவுகள்’: ஒரு மதிப்பீடு

கணிதத்தைப் பாடசாலையோடு கைவிட்ட கலைப்பீடத்தவர் ஒருவர் கணித மேதையொருவரைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். ஆயின் சோபியா கோவலெவ்ஸ்கயா (1850 - 1891) எம் துறைக்கும் உரியவர். அவர் ஒரு நாவலும், ஆன் சார்லட் லெப்லருடன் இணைந்து ‘இன்பத்திற்கான போராட்டம்’ என்னும் இரட்டை நாடகமும் எழுதினார். அவரது எழுத்துக்களுள் தலையாயது இளமை நினைவுகளே. 1889இல் சுவீடிய மொழியில் ராயெவ்ஸ்கி சகோதரிகளின் கதை என்ற புனைவுக் கோலத்திலும், 1890இல் ருஷ்ய மொழியில் தன்வரலாறாகவும் அது வெளிவந்தது. அந்நூலை முன்வைத்து, அவரைப் பற்றி வழங்கிவரும் இரண்டு கதைகளை விசாரிப்பதே இங்கு நோக்கம்.

முதலாவது, சுவர்த்தாளின் கதை. பலிபினோ என்ற கிராமத்துப் பண்ணை வீட்டைப் புதுப்பித்தபொழுது குழந்தைகளின் அறையொன்றிற்குச் சுவர்த்தாள் போதவில்லை. ஓர் அறைக்காகப் பீற்றர்ஸ்பேர்க்கிலிருந்து தாள் தருவிப்பானேன் என்று, தளபதியான தந்தை இளமையில் வாங்கிவைத்திருந்த ஒஸ்த்ரோகிராட்ஸ்கியின் நுண்கணித விரிவுரைத் தாள்களை ஒட்டிவிட்டனர். சிறுமி அவற்றின்முன் மணிக்கணக்கில் நின்றாள். வரலாறெழுதுவோர் அனைவரும் இதனைத் தெய்வச் செயல்போல் எடுத்தோதுவர். நூலிலோ அத்தகைய வியப்பில்லை. அச் சூத்திரங்களின் பொருள் தமக்கு அன்று விளங்கவில்லை என்பதை அவரே சொல்கிறார். பின்னர் நுண்கணிதம் கற்கத் தொடங்கியபோது பழகிய முகங்களைக் கண்டாற்போல் அவை நினைவில் எழுந்தன, அவ்வளவே. அற்புதக் கதை பரவப் பரவ உழைப்பின் கதை மறைகிறது என்பதனாலேயே இதனை இங்கு வற்புறுத்தவேண்டியுள்ளது.

அவ்வீடு நிலவுடைமையாளரின் வீடு. பண்ணையடிமை முறை 1861இலேயே ஒழிக்கப்பட்டது. நூலில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி கணிதத்தோடு தொடர்பற்றது. வீட்டில் சிறு பொருள்கள் களவுபோகின்றன. பழி பெக்லூஷா என்ற ஏழைச் சிறுமிமேல் விழுகிறது. உண்மையில் திருடியவளோ வேலையாட்கள் நடுவே மதிப்புப் பெற்றிருந்த தையற்காரி. இதனைக் கூறுமிடத்து ஆசிரியை தம் வர்க்கத்தாரைப் பழித்து முழங்குவதுமில்லை, அவர்களுக்காக வாதாடுவதுமில்லை. எவர்மேல் ஐயம் எளிதாகச் செல்கிறது என்பதைக் காட்டிவிட்டு நகர்கிறார். மிகையுணர்ச்சியைப் புறக்கணித்த இவ்வுரைநடை கணிதப் பயிற்சியால் வந்ததென்று கூற நான் துணியேன். தொஸ்தோயேவ்ஸ்கி வீட்டிற்கு வந்துபோன நாட்களை அவர் நேரிற் கண்டவர் என்பதையும் மறத்தலாகாது. தமக்கை அன்யூத்தாவின் கதைகளை 1864இல் தம் சஞ்சிகையில் வெளியிட்ட அவ்வெழுத்தாளர், பின்னர் அவளை மணக்க விரும்பினார். பதினைந்து வயதுத் தங்கையோ அவர்மேல் தான் கொண்ட இரகசியக் காதலை, தன்னையே எள்ளி நகையாடும் தொனியில் விவரிக்கிறாள்.

நூல் 1865ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. கணிதவியலாளர் உருவாகுமுன்பே கதை முடிந்துவிடுவது அதன் பெருங்குறை. இவ்விடைவெளியிலேதான் இரண்டாவது கதை புகுந்துகொண்டது. தோழி லெப்லர் 1892இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, காதலுக்கு ஏங்கி அது கிட்டாது வாடிய பெண்ணாகவே கோவலெவ்ஸ்கயாவைச் சித்திரித்தது. அவரது ஆய்வுகளெல்லாம் ஆசிரியர் வையர்ஸ்ட்ராஸின் கருத்துக்களின் விரிவே என்றும் கூறியது. பேரறிஞர் பீலிக்ஸ் கிளைனும் இத்தகைய ஐயத்தை எழுப்பினார். அன்பினாற் செய்த அநீதி என்றே லெப்லரின் நூலைச் சொல்லவேண்டும்.

உண்மை யாது? தந்தை அல்லது கணவரின் இசைவின்றிப் பெண்ணொருத்தி வெளிநாடு செல்லவியலாத காலத்தில், 1868இல் விளாதிமிர் கோவலெவ்ஸ்கியைப் பெயரளவில் மணந்து நாட்டைவிட்டு வெளியேறினார். பேர்லின் பல்கலைக்கழகம் பெண்களை அனுமதியாமையால் வையர்ஸ்ட்ராஸ் நான்காண்டுகள் தனியே கற்பித்தார். 1874இல் மூன்று ஆய்வுகளுக்காகக் கொட்டிங்கன் பல்கலைக்கழகம் கலாநிதிப் பட்டம் வழங்கியது. அவற்றுள் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகள் பற்றியதே கோஷி - கோவலெவ்ஸ்கயா தேற்றமாக இன்றும் பயிலப்படுகிறது. இத்தகைய சமன்பாடுகளின் தீர்வை அடுக்குத் தொடராக எழுதினால் அது எப்பொழுது ஒருங்கும் என்பதே வினா. வெப்பச் சமன்பாட்டை எடுத்துக்காட்டி, அது ஒருங்காமலும் போகலாம் என்று நிறுவியவர் மாணவியே. ஆசிரியர் எதிர்பாராத முடிவு அது. அதன் பெருமையை அவளுக்கே உரித்தாக்கினார் வையர்ஸ்ட்ராஸ். மாணவியின் ஆக்கம் யாருடையது என்பதில் ஆசிரியருக்கு இல்லாத ஐயம் பின்வந்தோருக்கு எழுந்தது விந்தையே.

நாடு திரும்பியவருக்குப் பெண்பிள்ளைகளுக்கு எண்கணிதம் புகட்டும் வேலைக்கு மேல் எதுவும் கிட்டவில்லை. பல ஆண்டுகள் கணிதத்தைத் துறந்தேயிருந்தார். 1883இல் கணவர் தற்கொலை செய்துகொண்டார். அவ்வாண்டின் இறுதியில், லெப்லரின் சகோதரரான மிட்டாக்-லெப்லரின் அழைப்பினாற் சோபியா ஸ்டொக்ஹோம் சேர்ந்தார். அங்கும் ஸ்ட்ரின்ட்பேர்க் போன்ற எழுத்தாளரே பெண் பேராசிரியர் என்பது இயற்கைக்கு மாறானது என ஏளனஞ் செய்தார். நாடகத்தில் நாம் போற்றிக் கற்கும் அதே ஸ்ட்ரின்ட்பேர்க் தான்!

ஒரு புள்ளியில் நிலைநிறுத்தப்பட்ட விறைப்பான பொருளொன்று, பம்பரம்போல, புவியீர்ப்பின்கீழ் எவ்வாறு சுழலும் என்ற வினாவிற்கு ஒயிலரும் லக்ராஞ்சும் ஒவ்வொரு வகையிலே தீர்வு கண்டிருந்தனர். சமச்சீரற்ற மூன்றாவது வகையைக் கோவலெவ்ஸ்கயா கண்டார். 1888இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அதற்குப் போர்தின் பரிசளித்தது. 3000 பிராங்கை 5000 ஆக உயர்த்தியும் கொடுத்தது. படிகங்களில் ஒளியின் முறிவு பற்றிய அவரது ஆய்வு பிழையானதென வொல்ற்றெரா பின்னர் காட்டினார் என்பதையும் சொல்லியாகவேண்டும். வழிபாடு செய்வோர் இதனை மறைப்பர், மறைக்க வேண்டியதில்லை. ஆண் கணிதவியலாளரின் பிழை அவருடைய பிழையாகவே எண்ணப்பட, இவரது பிழை மட்டும் பெண்ணினத்தின் பிழையாகும் என்ற அச்சமே அம்மறைப்புக்குக் காரணம்.

1889இல் ஸ்டொக்ஹோமில் அவரது பேராசிரியர் பதவி நிரந்தரமாயிற்று. அதே ஆண்டில் ருஷ்ய விஞ்ஞானக் கழகம் விதியை மாற்றி அவரைத் தொடர்பு உறுப்பினராக்கியது, பதவியெதுவும் தரவில்லை. 1891 பெப்ரவரியில், நாற்பத்தொரு வயதில் அவர் இறந்தார். ‘நீலிஸ்டுப் பெண்’ என்ற நாவல் மறு ஆண்டே அச்சேறியது. அரசியற் கைதியொருவனை அவன் சிறையிலிருக்கையில் மணந்து, அவனைத் தொடர்ந்து சைபீரியா செல்லும் வேரா வொரொன்த்சோவா அதன் தலைவி. பெயரளவில் மணமுடித்து ஹைடெல்பேர்க் சென்ற பெண், தான் நடக்காத அந்த இன்னொரு பாதையை எழுதிப் பார்த்திருக்கிறாள்.